கல்வியும் கருவியும்

கல்வியின் வரலாற்றை எழுதப் புகுந்தோரிற் பெரும்பாலார் கல்லூரிகளின் வரலாற்றையும் சட்டங்களின் வரலாற்றையுமே எழுதிச் சென்றனர். எந்த ஆண்டில் எந்தக் கலாசாலை தாபிக்கப்பட்டது, எந்த அமைச்சர் எந்த மசோதாவைக் கொணர்ந்தார், எந்த வள்ளல் எத்தனை பரப்புக் காணியை ஈந்தார் என்பனவெல்லாம் அவ்வரலாறுகளிலே ஒழுங்காகக் கூறப்பட்டிருக்கும். ஆனால், அக்கலாசாலையின் வாயிலுக்குள் நுழைந்தவர் யார், வெளியே நின்றவர் யார் என்னும் வினாவுக்கு அங்கு விடை காண்பது அரிது.

கல்வி எக்காலத்திலும் கருவிகளின் துணைகொண்டே நடைபெற்று வந்துள்ளது. ஏடும் எழுத்தாணியும் ஒரு காலத்தின் கருவிகள். அச்சுப் புத்தகம் இன்னொரு காலத்தின் கருவி. ஆங்கில மொழி, விஞ்ஞான ஆய்வுகூடம், வானொலி, தொலைக்காட்சி, கணினி, இணையம் என அவ்வரிசை நீள்கிறது. இவற்றுள் ஒவ்வொன்றும் எல்லார்க்கும் உரியது என்ற அறிவித்தலோடுதான் எம்மிடையே வந்தது. ஒவ்வொன்றும் முதலிற் சென்றடைந்தது ஏலவே உடையவராயிருந்தோரின் கைகளையே. இல்லாதோர் கைக்கு அது வந்து சேர்ந்த சந்தர்ப்பங்களை ஆராய்ந்தால், அங்கெல்லாம் இரண்டு செய்திகள் புலப்படும். ஒன்று, அக்கருவியை வழங்குதல் பொதுக் கடமை என அரசு ஏற்றுக்கொண்டமை. மற்றொன்று, அவ்வாறு ஏற்றுக்கொள்ளுமாறு மக்கள் போராடியமை. கருவி தானே பரவிச் சமத்துவத்தைக் கொணர்ந்ததாக எம் நாட்டு வரலாற்றிற் சான்று இல்லை.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 13 ஆம் திகதி தொற்றுநோய் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டபோது, "கல்வி இனி வீட்டைத் தேடி வரும்" என்று கூறப்பட்டது. அது எவரெவர் வீட்டைத் தேடிச் சென்றது, எவரெவர் வீட்டைக் கடந்து சென்றது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், அந்த மார்ச் மாதத்திலிருந்து தொடங்குதல் போதாது. இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

அமெரிக்க மிசனறிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824 இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. மேலைத்தேயக் கணிதமும் வானியலும் தருக்கமும் வட்டுக்கோட்டையிலே போதிக்கப்பட்டன. 1848 இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டில் அச்சியந்திரத்தையும் கொணர்ந்தார். பாதிரிமாரின் கருவியாகிய அச்சு, அவர்களை எதிர்த்தோரின் கருவியாகவும் மாறிற்று. இஃது எம் பண்பாட்டு வரலாற்றில் ஒரு பெரும் மாற்றமே. ஆயினும், மிசன் பாடசாலைகளின் நோக்கம் மதமாற்றத்தையும், சைவப் பாடசாலைகளின் நோக்கம் சமயப் பாதுகாப்பையும் சார்ந்து நின்றன. சாதி ஒழுங்கின் அடித்தளத்திற் கிடந்தவனுக்குப் புத்தகத்தைக் கொண்டுசேர்த்தல் நாவலர் வகுத்த திட்டத்தில் இடம்பெறவில்லை.

குடியேற்ற ஆட்சியினரோ தமது தேவைக்கேற்பக் கல்வியை இரண்டாகப் பிரித்தனர். 1833 ஆம் ஆண்டின் கோல்புறூக் சீர்திருத்தங்களுக்குப் பின்னர் ஆங்கிலம் உத்தியோகத்தின் திறவுகோலாயிற்று. ஆங்கிலப் பாடசாலைகளிற் கட்டணம் அறவிடப்பட்டது. சுதேச மொழிப் பாடசாலைகளிற் பெரும்பாலும் கட்டணம் இல்லை. பயனற்ற கல்வி இலவசமாகவும், பயனுள்ள கல்வி விலைக்கும் கிடைத்தன என்று இந்நிலையைச் சுருங்கக் கூறலாம். இவ்விருமுறைக் கல்வி அமைப்பினை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ளல் வேண்டும். நூறாண்டுகளுக்குப் பின்னர் அது வேறோர் உருவில் எம்முன் வந்து நிற்பதைப் பின்னர்க் காண்போம்.

கட்டணம் மட்டுமே தடையாக இருந்ததெனக் கொள்ளுதலும் தவறாகும். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுக்குள் நுழைய முடிந்த தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்திலும், சில இடங்களில் வகுப்பறைக்கு வெளியிலும் இருத்தப்பட்டனர். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் பிள்ளைகள் யாவருக்கும் சம ஆசனம் அளிக்கப்படல் வேண்டுமென 1930 ஆம் ஆண்டளவிற் கல்விப் பகுதியினர் பணித்தபோது எழுந்த எதிர்ப்பு எத்தகையது? பெற்றோர் தம் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து மறித்தனர், பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. கல்வியைத் தம் கண்ணெனப் போற்றியதாகக் கூறிக்கொண்ட ஒரு சமூகம், ஒரு வாங்கினைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தபோது பாடசாலையையே எரிக்கத் துணிந்தது. அன்று வாங்கு ஒரு கல்விக் கருவி. அதனை எல்லோர்க்கும் உரியதாக்க ஒரு சுற்றறிக்கை போதவில்லை. ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் வழிநடத்திய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பிரசாரமும், பின்னர்ச் சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் இடையறாத உழைப்பும் அதற்குத் தேவைப்பட்டன.

இத்தகைய பின்னணியிலேதான் இலவசக் கல்வியின் தோற்றத்தை மதிப்பிடுதல் வேண்டும். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943 இல் தனது அறிக்கையை வெளியிட்டது. கீழ்ப்பிரிவு முதற் பல்கலைக்கழகம் வரை கட்டணமற்ற கல்வி என்ற அதன் விதப்புரை, 1945 ஆம் ஆண்டு அக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் அறவிட்டு வந்த பாடசாலைகளின் முகாமையாளரும் வசதி படைத்தோரும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் மத்துகமைத் தொகுதியிற் கன்னங்கரா தோல்வியுற்றார். அவர் விதைத்தது மட்டும் தோற்கவில்லை.

கட்டணத்தை நீக்கியதோடு அத்திட்டம் நின்றுவிடவில்லை என்பது சிறப்பாக மனங்கொளத்தக்கது. நாடெங்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய மகா வித்தியாலயங்கள் அமைக்கப்பட்டன. நகரக் கல்லூரிகளுக்கு மட்டுமே உரியனவாயிருந்த ஆய்வுகூடமும் நூல்நிலையமும் விடுதியும் விளையாட்டிடமும் கிராமத்தின் மத்தியிற் கொண்டுவந்து வைக்கப்பட்டன. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்திய ஏழைப் பிள்ளை அங்கு தங்கிப் படித்தான். கிழக்கிலங்கையில் வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம் உருவாக்கிய ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் எண்ணிப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும். 1981 இல் அவ்வளாகத்திலேயே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்று, 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

ஆயினும், மத்திய பாடசாலைத் திட்டத்தின் எல்லையையும் நாம் காணத் தவறலாகாது. கிராமத்திலிருந்து ஒரு சிறுவனைத் தேர்ந்தெடுத்து ஏணியில் ஏற்றிவிட்ட அத்திட்டம், அவன் விட்டுவந்த சிறு பாடசாலையைப் பெரிதும் முன்னிருந்தவாறே விட்டுவிட்டது. இன்று நாட்டில் 10,000 க்குச் சற்று மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகள் உள்ளன. அவற்றுட் க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானம் பயிற்றும் பாடசாலைகள் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே. இலவசக் கல்வி பிறந்து எண்பது ஆண்டுகள் கடந்த பின்னரும், ஆய்வுகூடம் என்ற பழைய கருவிகூடப் பத்திலொரு பாடசாலையைத் தாண்டிப் பெரிதும் பரவவில்லை. புதிய கருவியைப் பற்றிப் பேசும்போது இந்த விகிதத்தை மறந்துவிடலாகாது.

இலவசக் கல்வியின் வரம்புக்கு வெளியே ஒரு மக்கட் பகுதியே நின்றது. மலைநாட்டுத் தோட்டங்களில் 1920 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஆறு வயது முதற் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. கொழுந்து பறிக்க ஆள் வேண்டியிருந்த நிருவாகம் கல்வியில் எத்துணை ஊக்கங் காட்டியிருக்கும் என்பதைக் கூறவேண்டியதில்லை. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்பதே தோட்டப் பாடசாலையின் இலக்கணமாயிற்று. 1945 இல் நாடு முழுவதும் பேசப்பட்ட இலவசக் கல்வி, லயத்தின் வாசலுக்கு வரவில்லை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களின் வாக்குரிமை இழப்புக்கே அடிகோலியபின், அவர்களுக்காகச் சட்டசபையிற் குரலெழுப்ப வேண்டிய நிர்ப்பந்தம் எவருக்கும் இல்லாமற் போயிற்று. தோட்டங்கள் 1970 களின் நடுப்பகுதியில் அரசுடைமையாக்கப்பட்ட பின்னர், 1977 ஆம் ஆண்டிலிருந்தே தோட்டப் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசாங்கத்தாற் பொறுப்பேற்கப்பட்டன. ஏனையோருக்கு 1945 இற் கிடைத்தது அவர்களுக்கு ஒரு தலைமுறை பிந்திக் கிடைத்தது.

இங்கு மின்சாரத்தின் கதையையும் சேர்த்து நோக்குதல் பொருத்தமாகும். லக்சபானா நீர்மின் திட்டத்தின் முதற்கட்டம் 1950 இல் நிறைவெய்தியது. 1965 இற் காசல்றீ நீர்த்தேக்கமும், 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கமும் அமைந்தன. தேயிலைத் தோட்டங்களின் பள்ளத்தாக்குகளே நீரைத் தாங்கின; அங்கு பிறந்த மின்சாரம் கம்பிவழியே கொழும்பின் தொழிற்சாலைகளுக்கும் மாளிகைகளுக்கும் சென்றது. அந்நீர்த்தேக்கங்களின் கரையோரத்து லயங்களிற் பிள்ளைகள் மேலும் பல ஆண்டுகள் குப்பி விளக்கிலேயே படித்தனர். உற்பத்தியாகும் இடத்துக்கும் நுகரப்படும் இடத்துக்கும் உள்ள இந்த இடைவெளி, இயற்கையின் விதியன்று. முதல் யார் கையிலிருக்கிறது என்பதன் விளைவு.

1970 களிற் பல்கலைக்கழக அனுமதி பெரும் பிரச்சினையாக வெடித்தது. 1971 ஆம் ஆண்டளவில் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974 இல் மாவட்ட ஒதுக்கீடும் புகுத்தப்பட்டன. மொழியின் பெயராற் புள்ளிகளை ஏற்றியும் இறக்கியும் வழங்கியமை தமிழ் மாணவருக்கு இழைக்கப்பட்ட வெளிப்படையான அநீதி. அதன் அரசியல் விளைவுகளை நாடு பின்னர்க் கண்ணீராலும் இரத்தத்தாலும் செலுத்தித் தீர்த்தது. ஆனால், மாவட்டங்களிடையே நிலவிய ஏற்றத்தாழ்வு ஓர் உண்மை என்பதையும் நாம் மறுத்தலாகாது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் குவிந்திருந்த ஆய்வுகூடங்கள் மன்னாரில் இல்லை, முல்லைத்தீவில் இல்லை, மொனறாகலையிலும் இல்லை. இன்று பல்கலைக்கழக இடங்களுள் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்படுகின்றன. பல்கலைக்கழக வாயிலில் அளிக்கப்படும் ஈடு, கிராமப் பாடசாலையில் இல்லாத ஆய்வுகூடத்துக்கு மாற்றாகுமா? மாற்றாக்கப்பட்டதே எம் கல்வி வரலாற்றின் பெருங்குறை. அடித்தளத்தில் வழங்கவேண்டியதை வழங்காது உச்சியிற் புள்ளிகளைப் பங்கிடுவது அரசுக்கு எளிது, செலவும் குறைவு.

யுத்த காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். 1990 க்குப் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போயிற்று, மண்ணெண்ணெய் அருமையாயிற்று, மின்கலங்கள் தடைசெய்யப்பட்டன. ஜாம் போத்தலில் திரி இட்டு எரித்த சிறு விளக்கில் ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். இதனை வீரக் கதையாக மட்டும் கூறித் திருப்தியடைவோர் உளர். அக்காலத்தில் வசதியுள்ளோர் கொழும்புக்கும் கடல் கடந்தும் சென்றுவிட்டனர் என்பதையும் அவர்கள் சேர்த்துக் கூறல் வேண்டும். எஞ்சியிருந்தோரிடையே இருள் ஓரளவு பொதுவாக இருந்தது. ஆசிரியரின் வீட்டிலும் அதே விளக்கு. மாணாக்கனின் வீட்டிலும் அதே விளக்கு. 2020 இல் வந்த இருள் வீட்டுக்கு வீடு வேறுபட்டது.

புதிய சாதனங்களின் வருகையை இனி நோக்குவோம். வானொலியின் பாடசாலை ஒலிபரப்பையும், 1982 இல் ரூபவாகினிக் கூட்டுத்தாபனம் தோன்றியதன் பின் வந்த கல்வி ஒளிபரப்பையும் எடுத்துக்கொண்டால், அவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. பெட்டியை ஒருமுறை வாங்கிவிட்டால், ஒரு பாடத்தைக் கேட்பதற்கும் ஆயிரம் பாடத்தைக் கேட்பதற்கும் ஒலிபரப்புவோனுக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. இணையம் அத்தகையதன்று. அங்கு ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. பாடம் நீள நீளக் கட்டணமும் நீளும். தொலைத்தொடர்பு இந்நாட்டில் ஒரு காலத்தில் அரசாங்கத் திணைக்களமாயிருந்தது. 1991 இல் அது கூட்டுத்தாபனமாயிற்று. 1997 இல் அதன் 35 சதவீதப் பங்குகள் யப்பானியக் கம்பனியொன்றுக்கு விற்கப்பட்டன. கைத்தொலைபேசிச் சேவையோ பெருமளவில் தனியார் கம்பனிகளின் துறையாகவே வளர்ந்தது. இலாபத்தை நோக்காகக் கொண்ட கம்பனி, சனம் நெருங்கிய இடத்திற் கோபுரத்தை நாட்டும். மலைச்சரிவிலுள்ள முப்பது குடும்பங்களுக்காக நாட்டாது. இதற்காகத் தனிப்பட்ட எவரையும் நோவதிற் பயனில்லை. சந்தையின் இயல்பு அது. சந்தை செல்லாத இடத்துக்கு அரசு சென்றதா என்பதே எமது வினா.

அரசு முற்றாகக் கைகட்டி இருந்ததெனக் கூறுவது நேர்மையாகாது. 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு இடைநிலைக் கல்வி நவீனமயமாக்கல் திட்டம் கணினிகளைப் பாடசாலைகளுக்குக் கொண்டுசென்றது. வலயங்களிற் கணினி வள நிலையங்கள் ஏற்பட்டன. கிராமங்களில் "நெனசல" எனப்படும் அறிவகங்கள் திறக்கப்பட்டன. அத்திட்டம் 2014 இற் சர்வதேச விருதொன்றையும் பெற்றது. அதன் பின்னர், 1,000 இடைநிலைப் பாடசாலைகளைத் தெரிந்தெடுத்து மகிந்தோதய தொழினுட்பக் கூடங்கள் கட்டப்பட்டன. ஆனால், இங்கும் அந்தப் பழைய விகிதமே திரும்பி வருவதைக் கவனிக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஓராயிரம்! ஆய்வுகூடம் சென்ற தடத்திலேயே கணினியும் சென்றது. ஆரம்ப வகுப்புகளை மட்டும் கொண்ட மூன்றாந்தரப் பாடசாலை, தோட்டத்து ஓராசிரியர் பாடசாலையின் வாரிசு, வரிசையின் கடைசியிலேயே நின்றது. கணினி வந்த இடங்களிலும், அது பழுதடைந்தால் திருத்துவதற்கு ஆளோ பணமோ ஒதுக்கப்படாமையால், திறப்பு விழாவின் பெயர்ப்பலகை மட்டும் பளபளக்க, பூட்டிய அறைக்குள் யந்திரம் தூசி படிந்து கிடந்த காட்சியை எம் ஆசிரியர் பலர் அறிவர்.

இந்நிலையிலேதான் 2020 ஆம் ஆண்டு வந்தது. மார்ச் மாதம் மூடிய பாடசாலைகள் யூலையிற் கட்டங்கட்டமாகத் திறந்தன. அக்டோபரில் மறுபடியும் மூடின. 2021 சனவரியிற் பல பகுதிகளில் திறந்து, ஏப்பிரல் இறுதியில் மீண்டும் மூடின. 200 க்குக் குறைந்த மாணாக்கரைக் கொண்ட சிறு பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகள் 2021 அக்டோபர் 21 ஆந் திகதியே திறக்கப்பட்டன. இக்காலம் முழுவதும் கல்வி கைத்தொலைபேசியின் சிறு திரைக்குள் ஒடுங்கிற்று. "சூம்" வகுப்பு நகரத்துக்கு. "வாட்ஸ்அப்" படம் சிற்றூருக்கு. அதுவும் எட்டாத இடத்துக்கு எப்போதாவது வந்துசேரும் அச்சிட்ட தாள். இலவசமான பயனற்ற கல்வி, விலைக்குரிய பயனுள்ள கல்வி என்று கன்னங்கரா காலத்துக்கு முன் நிலவிய இருமுறை அமைப்பு வேறெவ்வாறு இருந்தது?

அன்றைய நிலைமையைக் காட்ட ஒரு கிராமத்தின் பெயரைக் கூறினாலே போதும். பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவவில் மாணாக்கரும் ஆசிரியரும் காட்டு வழியே நடந்து, பாறையொன்றின்மேல் ஏறியமர்ந்து, அங்கு கிடைத்த அலைவரிசையிற் பாடங்களைப் பெற்ற செய்தியை 2021 இல் உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. அதை வாசித்த பலர் அப்பிள்ளைகளின் ஊக்கத்தை வியந்தனர். வியப்பதற்கு முன்னர் வெட்கப்பட்டிருத்தல் வேண்டும். நாட்டின் 43 இலட்சம் மாணாக்கருள் மிஞ்சினால் 40 சதவீதத்தினரே இணையவழி வகுப்புகளிற் பங்குபற்ற முடிந்ததென இலங்கை ஆசிரியர் சங்கத்தின் பொதுச்செயலாளர் ஜோசப் ஸ்டாலின் அக்காலத்திற் கூறினார். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் அளவீடுகளும் இதற்கு மாறாக இல்லை. ஏறத்தாழ ஐந்தில் ஒரு குடும்பத்திடமே கணினி இருந்தது; தோட்டப் பகுதியில் அது பத்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்த ஆயிரத்தைத் தருவதற்காகப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவை நிருவாகங்கள் உயர்த்தின என்ற முறைப்பாடு பல தோட்டங்களிலிருந்து எழுந்தது. தொடுதிரைத் தொலைபேசி ஒன்றை வாங்க அத்தொழிலாளி பல வாரக் கூலியைச் சேர்த்தாக வேண்டும். வாங்கிய பின்னரும் "ரீலோட்" போடவேண்டும். வீட்டில் மூன்று பிள்ளைகள், தொலைபேசியோ ஒன்று, அதுவும் பகலில் தந்தையோடு வேலைக்குச் செல்வது. அண்ணனுக்கு உயர்தரப் பரீட்சை என்றால் தங்கையின் வகுப்பு நின்றுபோகும். பாடத்துக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்ததும் ஆசிரியரின் குரல் நடுவாக்கியத்தில் அறுந்துபோகும். இதைத்தான் நாம் கட்டணம் என்கிறோம். 1945 இற் பாடசாலை வாயிலிலிருந்து துரத்தப்பட்ட கட்டணம், 2020 இற் கம்பனியின் பற்றுச்சீட்டாக வீட்டுக் கூரைக்குள் இறங்கி வந்தது. அதைப் பெறுபவர் மாறினார். கொடுக்க இயலாதவர் மாறவில்லை.

ஆசிரியரின் நிலையும் வேறன்று. தம் சொந்தத் தொலைபேசியில், தம் சொந்தப் பணத்தில், தாமே கற்றுக்கொண்ட நுட்பத்தில் அவர்கள் வகுப்பு நடத்தினர். 2021 யூலை 12 ஆந் திகதி முதல் ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி, சம்பள முரண்பாட்டை நீக்குமாறு மூன்று மாதங்களுக்கு மேலாகப் போராடினர். கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழக மசோதாவை எதிர்த்தமையும் அப்போராட்டத்தின் ஒரு கூறு. "பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கிறார்கள்" என்று அன்று குற்றஞ்சாட்டியோர், அறுபது சதவீதப் பிள்ளைகளுக்குப் படிப்பே சென்றடையாதிருந்த பதினாறு மாதங்களில் எங்கே இருந்தனர் என்று கேட்பது நியாயமேயாகும்.

இவையெல்லாம் தவிர்க்க முடியாதனவா? இல்லை என்பதற்கு அதே காலத்திலேயே சான்று உண்டு. 2020 இற் பல்கலைக்கழக மாணாக்கர், கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் ஊடாகத் தம் விரிவுரைகளைத் தரவுக் கட்டணமின்றிப் பெறுவதற்கு ஒழுங்கு செய்யப்பட்டது. கம்பனிகள் யாவும் அதற்கு இணங்கின. கல்வி அமைச்சின் "இ-தக்சலாவ" தளத்துக்கும் அத்தகைய சலுகை வழங்கப்பட்டது. ஆயினும், பாடசாலை ஆசிரியர் உண்மையிற் பாடம் நடத்திய வழிகளுக்கு அது விரிவாக்கப்படவில்லை. அரசு விரும்பிய இடத்தில் விலையை நீக்க முடிந்தது என்பதே இதனாற் பெறப்படும். பல்கலைக்கழகத்துக்கு முடிந்தது ஐந்தாம் வகுப்புக்கு முடியாமற் போனது நுட்பத்தின் குறையன்று.

தொற்றுநோய் நீங்கியபின் இப்பிரச்சினையும் நீங்கிவிட்டதென எண்ணுவோர் உளர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டது. எரிபொருள் இன்றி யூன் மாதத்தில் நகர்ப்புறப் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. ஒவ்வொரு நெருக்கடியிலும் கல்வி வீட்டுக்கு அனுப்பப்படும்; வீடோ வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபட்டிருக்கும். நெருக்கடி இல்லாத நாளிலும் வினாத்தாள்கள், வழிகாட்டிகள், விண்ணப்பங்கள், பரீட்சைப் பெறுபேறுகள் யாவும் திரைக்குள் நகர்ந்துவிட்டன. திரை இல்லாதவன் இன்று பாடத்தை மட்டுமன்றிப் பாடசாலையையே இழக்கிறான்.

"கூரை ஒழுகும் பாடசாலைக்குக் கணினி எதற்கு? முதலில் மலசலகூடத்தைக் கட்டுங்கள்" என்று நல்லெண்ணத்தோடு கூறுவோரும் உள்ளனர். கூரையும் வேண்டும், மலசலகூடமும் வேண்டும், அவற்றை முன்னிட்டுக் கணினியை மறுப்பது பொருந்தாது. ஏழைக்கு ஒவ்வொரு காலத்திலும் முந்திய காலத்தின் கருவியே போதும் என்பதுதான் இவ்வாதத்தின் உட்பொருள். ஆங்கிலம் உத்தியோகம் தந்த காலத்திலே அவனுக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் போதும் என்றார்கள். விஞ்ஞானம் உயர்வு தந்த காலத்திலே கலைப்பிரிவு போதும் என்றார்கள். அதேபோது, கருவியை வழிபடும் மயக்கத்துக்கும் நாம் ஆளாகலாகாது. ஆசிரியர் இல்லாத வகுப்பறையிற் கணினியை வைத்து, இடம் நிரப்பப்பட்டது என்று கணக்குக் காட்டுவதை நாம் ஏற்க முடியாது. கருவி ஆசிரியரின் கையை நீட்டும், ஆசிரியராகாது.

மொழியின் பங்கும் சிறிதன்று. மானிப்பாயில் மருத்துவர் கிறீன், 1847 இல் யாழ்ப்பாணம் வந்தவர், மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழாக்கினார். அறிவின் புதிய கருவி தாய்மொழியிலே கிடைக்க முடியும் என்பதற்கு அது பழைய சான்று. புதிய சான்றும் உண்டு. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 வரையிலான நூல்கள் அழிந்தன. 2005 இல் தொண்டர்கள் சிலராற் தொடங்கப்பெற்ற நூலகம் எண்ணிம நூலகத்தில் இன்று ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் கட்டணமின்றி வாசிக்கலாம். எரிக்க முடியாத நூலகம் ஒன்றை மக்கள் தாமே ஆக்கினர். ஆனால், அதன் கதவைத் திறக்கும் அலைவரிசை முல்லைத்தீவின் ஒட்டுசுட்டானிலும் மஸ்கெலியாவின் லயத்திலும் உள்ள பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் அன்றோ? அங்கேதான் தொண்டரின் வலிமை முடிந்து, அரசின் கடமை தொடங்குகின்றது.

இலவசக் கல்வி என்பது 1945 இல் முடிந்துபோன ஒரு செயலன்று. கட்டணத்தை நீக்கினாற் போதாது எனக் கண்டு, 1980 இற் பாடநூல்கள் இலவசமாக்கப்பட்டன. அதுவும் போதாதென 1993 இற் சீருடை வழங்கப்பட்டது. ஒவ்வொரு படியிலும், பிள்ளை கற்பதற்கு இன்றியமையாதது எதுவோ அது பெற்றோரின் பணப்பையிற் தங்கியிருக்கலாகாது என்ற கோட்பாடே விரிந்து வந்துள்ளது. அக்கோட்பாட்டின் அடுத்த படி எது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பாடநூலைப் போன்றே இணைப்பும் பாடசாலையின் உடைமையாதல் வேண்டும். கணினிகளை வழங்கும் வரிசை தலைகீழாக மாற்றப்பட்டு, மூன்றாந்தரப் பாடசாலையிலிருந்தும் தோட்டப் பாடசாலையிலிருந்தும் எல்லைக் கிராமத்திலிருந்தும் தொடங்கப்படல் வேண்டும். யந்திரத்தின் விலையோடு அதனைப் பேணும் செலவும், அதனைக் கையாளும் ஆசிரியரின் பயிற்சியும் ஒரே கணக்கில் எழுதப்படல் வேண்டும். கற்றலுக்கான தரவுக்குப் பாடசாலைப் பிள்ளையிடமும் ஆசிரியரிடமும் விலை பெறுதல் தடுக்கப்படல் வேண்டும்.

இவற்றை யார் செய்விப்பது? சம ஆசனத்தை வென்றவர்கள் சுற்றறிக்கையை நம்பிக் காத்திருக்கவில்லை. இலவசக் கல்வியைக் காத்தவர்கள் அதனை ஓர் அமைச்சரின் கொடையாகக் கருதவில்லை. ஆசிரியர் சங்கங்களும், மாணவர் இயக்கங்களும், தோட்டத் தொழிற்சங்கங்களும், கிராமத்துப் பெற்றோரும் தம் கோரிக்கைப் பட்டியலிற் சம்பளத்தோடும் கூலியோடும் இதனையும் ஒரு வரியாக எழுதும் நாளில், பாறையின் மேலேறிப் பாடங் கேட்ட பிள்ளைகளின் வரலாறு முடிவடையும். அதுவரை, இலவசக் கல்வியின் ஆண்டு விழாக்களிற் கன்னங்கராவின் படத்துக்கு மாலை சூட்டுவோர், அவர் தொடங்கிய வேலை பாதிவழியில் நிற்கிறது என்பதையும் அந்த மேடையிலேயே கூறுதல் வேண்டும்.